வீட்டில் துப்பாக்கி உண்டோ? அமெரிக்க அளவைகளின் அறுபதாண்டு வரலாறு

ஒரு நாட்டில் எத்தனை வீடுகளில் துப்பாக்கி இருக்கிறது என்பதை எவ்வாறு அறிவது? மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இவ்வினாவை எழுப்புவோர் வீடு வீடாகச் சென்று விசாரிக்க வேண்டிய தேவையில்லை. உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் இவ்விரு நாடுகளிலும் கடுங்குற்றம். 1948இல் அவசரகால விதிகள் பிறந்தபோது அக்குற்றத்திற்கு மரண தண்டனையே விதிக்கப்பட்டது; பின்னர் மலாயாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டமும் வந்தன. உரிமப் பதிவேட்டைப் புரட்டினால் கணக்குத் தெரிந்துவிடும். கள்ளத் துப்பாக்கிகளின் தொகை மட்டுமே ஊகத்திற்குரியதாக எஞ்சும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிலைமை முற்றிலும் வேறு. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை அந்நாட்டு அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தில் 1791இலேயே இடம்பெற்றது. துப்பாக்கிகளுக்கு நாடளாவிய பதிவேடு அங்கே இல்லை. இல்லை என்பது மட்டுமன்று, நடுவணரசு அதனை ஏற்படுத்தவும் கூடாது என்று 1986ஆம் ஆண்டின் துப்பாக்கி உடையோர் பாதுகாப்புச் சட்டம் தடுத்துள்ளது. உரிமம் பெற்ற வணிகரிடம் துப்பாக்கி வாங்க வருவோரின் பின்புலத்தைக் கூட்டரசுப் புலனாய்வுத் துறையின் வழியாக உடனுக்குடன் சோதிக்கும் முறை 1998 நவம்பர்த் திங்களின் இறுதி நாளில் தொடங்கியது. ஆயின், தகுதியுடையவர் என்று முடிவான ஒருவரைப் பற்றிய பதிவை இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் அழித்துவிட வேண்டும் என்பது 2004 முதல் விதி. மேற்கு வர்ஜீனியா மாநிலத்து மார்ட்டின்சுபர்க் என்னும் ஊரில், கடையை மூடிவிட்ட துப்பாக்கி வணிகர்களின் கணக்கேடுகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. வாங்கியவர் பெயரைக் கொண்டு அவற்றுள் தேடும் வசதியைக் கணினியில் அமைத்தலாகாது என்பதும் சட்டமே. கோழி முட்டையிலிருந்து குளிரூட்டுப் பெட்டி வரை எண்ணிக் கணக்கிட்டு ஆண்டு மலர் வெளியிடுவதில் பெருவிருப்பமுடைய ஓர் அரசு, இந்த ஒரு பொருளை எண்ணாதிருப்பதற்காகத் தன் கையைத் தானே கட்டிக்கொண்டுள்ளது.

எஞ்சிய வழி, மக்களிடமே கேட்பது. கேலப் நிறுவனம் 1959இல் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டது. நூற்றுக்கு 49 பேர் உண்டு என்றனர். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசியக் கருத்தாய்வு நடுவம் 1972இல் பொதுச் சமூக அளவை என்னும் தொடர் ஆய்வைத் தொடங்கி, மறு ஆண்டு முதல் துப்பாக்கி பற்றிய வினாவையும் அதில் சேர்த்தது. ஆய்வாளர் நேரில் வீட்டிற்குச் சென்று, வளர்ந்தோர் ஒருவரை முறைப்படி தெரிந்தெடுத்து, அவரிடம் வீட்டிலோ வண்டிக் கொட்டகையிலோ துப்பாக்கி ஏதும் உண்டா என்று வினவுவர். அத்துப்பாக்கி உங்களுக்கே சொந்தமானதா என்ற துணைவினா 1980இல் சேர்ந்தது. இவ்வளவையின்படி 1970களின் இறுதியில் ஏறக்குறையப் பாதிப்பேர் துப்பாக்கியுள்ள இல்லத்தில் வாழ்ந்தனர். 2014இல் அத்தொகை நூற்றுக்கு 31 ஆகக் குறைந்துவிட்டது. தாமே துப்பாக்கி உடையோரின் பங்கு 1985இல் ஏறத்தாழ 31, 2014இல் 22.

கேலப் நிறுவனத்தின் எண்களோ வேறு கதை சொல்கின்றன. 2010இல் 41, 2011இல் 47. முதல் எண்ணாகிய 49ஐயும் 2011இன் 47ஐயும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோர், அரை நூற்றாண்டில் ஒன்றும் மாறவில்லை என்றே கொள்வர். அதே காலத்தில் பொதுச் சமூக அளவை காட்டிய தொகை இதனினும் பத்துப் புள்ளிக்கு மேல் தாழ்ந்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை விழைவோர் சிகாகோ எண்ணையும், அதனை எதிர்ப்போர் கேலப் எண்ணையும் எடுத்துக் காட்டுதல் அந்நாட்டு அரசியல் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கு வெறும் ஏட்டுச் சண்டையன்று. 2021ஆம் ஆண்டில் மட்டும் அங்கே துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவருள் 26,328 பேர் தம்மைத் தாமே மாய்த்துக் கொண்டவர்கள். எந்தச் சட்டம் எத்தனை வீடுகளிலிருந்து துப்பாக்கியை அகற்றிற்று, எத்தனை வீடுகளுக்குள் புகுத்திற்று என்பதை அறியாமல் இம்மரணங்களின் ஏற்றத் தாழ்விற்குக் காரணம் கூற இயலாது. அறிவதற்கோ மக்களின் வாய்ச்சொல்லன்றி வேறு நேரிய சான்று இல்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வகுத்த மாதிரிக் கணக்கியல். பானையை நன்கு கிளறிய பின்னரே ஒரு பருக்கையை எடுத்தல் வேண்டும் என்பதை அவர்கள் சொல்லாமலே உணர்ந்திருந்தனர். கிளறியெடுத்த பருக்கையும் சிறிது பிழைபடும். கேலப் நிறுவனம் ஒருமுறை வினவுவது ஏறத்தாழ ஆயிரம் பேரை. ஆயிரம் பேர் கொண்ட மாதிரியில் நான்கு புள்ளி வரை மேலோ கீழோ தவறுதல் இயல்பு. ஓராண்டில் 41 என்பது 47 ஆக ஏறினால், அவ்வேற்றத்தின் பெரும்பகுதி பருக்கையின் தற்செயலாக இருக்கலாம். நாளிதழ்களோ அவ்வாண்டு அதனைப் பெருஞ்செய்தியாக்கின. ஓராண்டில் ஆறு புள்ளி ஏறிற்று என்றால் ஒரு கோடிக்கு மேற்பட்ட வளர்ந்தோரின் இல்லங்களில் பன்னிரண்டு திங்களுக்குள் புதிதாகத் துப்பாக்கி புகுந்தது என்று பொருள். அத்தகைய வெள்ளம் வேறெந்தக் கணக்கிலும் புலப்படவில்லை. இரண்டு மூன்று ஆண்டின் எண்களைக் கொண்டு போக்கினை முடிவு கட்டுவோரின் சொல்லைச் செவிமடுக்காதிருத்தலே நன்று.

வினாவின் சொற்களும் எண்ணை மாற்றும். 1959இல் கேட்டது வீட்டைப் பற்றி மட்டுமே. பிற்காலத்தில் கேலப் நிறுவனம் வீட்டில் இல்லையென்றால் கொட்டகையிலோ களஞ்சியத்திலோ வண்டியிலோ உண்டா என்று மேலும் கேட்டு, இரண்டையும் கூட்டியே தன் தொகையை வெளியிட்டது. ஆகவே 49உம் 47உம் ஒரே வினாவிற்குரிய விடைகளல்ல. பின்னதன் வலை பெரிது. வலை பெரிதான பின்பும் மீன் கூடவில்லையென்றால் குளத்தில் மீன் குறைந்திருக்கக் கூடும் என்று ஐயுறுவதே முறை. இந்தச் சிறு செய்தி மேடைப் பேச்சுகளில் இடம்பெறுவதேயில்லை.

சொல்லும் வலையும் ஒருபுறம் இருக்க, விடை கூறுவோரிடத்தே காணப்படும் ஒரு முரண்பாடு மிகவும் கருதத்தக்கது. கணவன்மாரும் மனைவிமாரும் ஒரே வகையான இல்லங்களில் வாழ்பவர்களாதலால், இல்லத்தில் துப்பாக்கி உண்டா என்ற வினாவிற்கு இரு சாராரும் ஒரே விகிதத்தில் உண்டு எனல் வேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை. ஜென்சு லுட்விக், பிலிப் குக், டாம் சுமித் ஆகிய மூவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், கணவன்மார் உண்டு என்று கூறிய விகிதம் மனைவிமார் கூறியதைவிடச் சராசரி 12 புள்ளி மிகுந்திருந்தது. கணவன்மார் சொல்லைக் கொண்டு கணக்கிட்டால் நாட்டிலுள்ள துப்பாக்கிகளின் தொகை, மனைவிமார் சொல்லைக் கொண்டு கணக்கிட்டதைவிட 4 கோடி 30 இலட்சம் அளவு கூடிற்று! ஓராண்டிற்கு நான்கு புள்ளி தவறும் மாதிரிப் பிழையைக் கண்டு அஞ்சிய நாம், இதன் முன் என் செய்வது?

மனைவியருக்கு உண்மையிலேயே தெரியாதிருக்கலாம். அலமாரியின் மேல்தட்டில் துணி சுற்றி வைக்கப்பட்ட கைத்துப்பாக்கியை எல்லோரும் அறிந்திருப்பர் என்பதற்கு உறுதியில்லை. தெரிந்தும் சொல்ல விரும்பாதிருக்கலாம். அல்லது கணவன்மார் சிலர், எப்போதோ விற்றுவிட்ட பழைய வேட்டைத் துப்பாக்கியையும் மனக்கணக்கில் வைத்துக்கொண்டு பேசலாம். முதற் காரணமே வலியுடையது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஏனெனில், அயலார் ஒருவரிடம் மறைக்க வேண்டும் என்ற எண்ணம் மிகுதியாக இருக்க வேண்டியது துப்பாக்கிக்கு உரியவரிடமேயன்றி அவர் மனைவியிடமன்று. இங்கோ உரியவரே பெரும்பாலும் ஒளிவின்றிக் கூறுகிறார். எவ்வாறாயினும், இல்லத்துக் கணக்கை இல்லத்தில் உள்ள எவரேனும் ஒருவரைக் கேட்டு அறியும் முறை, உண்மைத் தொகையினும் தாழ்ந்த எண்ணையே தரும் என்பது இதனால் தெளிவாயிற்று. பின்னர் எழுந்த ஆய்வுகள் பல, இல்லத்தை விடுத்து, நீங்கள் துப்பாக்கி உடையவரா என்று ஒருவரை அவரைப் பற்றியே கேட்கும் முறைக்கு மாறியதன் காரணம் இதுதான்.

துப்பாக்கி உடையோர் பொய் சொல்கிறார்களா என்பதை நேரே சோதித்துப் பார்த்ததும் உண்டு. மெம்பிசு, சியாட்டில் ஆகிய நகரங்களில் கைத்துப்பாக்கியைப் பதிவு செய்திருந்த சில பத்து இல்லங்களைத் தேடிச் சென்று வினவிய ஆய்வு 1990இல் வெளிவந்தது; மறுமொழி தந்தவருள் ஏறத்தாழ எல்லோருமே துப்பாக்கி உண்டு என்றோ அண்மைக் காலம் வரை இருந்தது என்றோ ஒப்புக்கொண்டனர். மிச்சிகன் மாநிலத்தில் கைத்துப்பாக்கி பதிவு செய்தோர், வேட்டை உரிமம் பெற்றோர் ஆகியோரின் இல்லங்களைத் தொலைபேசி வழியாக வினவிய ஆய்வு 1995இல் வெளிவந்தது. பத்து இல்லங்களுக்கு ஏறத்தாழ ஒன்பது, உண்டு என்றன. இதனைக் கொண்டு மகிழ்வோர் ஒன்றை மறத்தலாகாது. பதிவு செய்தவர் ஏற்கெனவே அரசிடம் உண்மையைச் சொன்னவர். சொல்லாதவர் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் இல்லாதவரைச் சோதிக்க வழியுமில்லை. பள்ளிக்கு வந்த மாணவரை நோக்கி, வராதவர் யார் என்று வினவும் ஆசிரியரின் நிலை இது.

ஈண்டு நாம் இருவேறு வினாக்களைப் பிரித்துணர வேண்டும். எத்தனை என்பது ஒன்று. கூடுகிறதா குறைகிறதா என்பது மற்றொன்று. இராத்தலுக்கு ஓர் அவுன்சு குறைத்துக் காட்டும் தராசில் அரிசி வாங்குபவன் ஏமாறுவான். ஆனால் அதே தராசில் திங்கள்தோறும் குழந்தையை நிறுத்துப் பார்க்கும் தாய் ஏமாறுவதில்லை. குழந்தை வளர்கிறதா மெலிகிறதா என்பதைப் பழுதுபட்ட தராசும் காட்டிவிடும். பழுது மாறாதிருக்க வேண்டும், அவ்வளவே. மனைவிமார் 1980இல் எவ்வளவு குறைத்துச் சொன்னார்களோ அவ்வளவே 2010இலும் குறைத்துச் சொல்வார்களாயின், அளவையின் மட்டம் தவறினும் போக்குத் தவறாது. ஆகவே சர்ச்சை முழுவதும் ஒரு புள்ளியில் வந்து நிற்கிறது: காலம் செல்லச் செல்ல மறைப்போர் பெருகினரா?

பெருகினர் என்பாரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1993ஆம் ஆண்டின் பிரேடிச் சட்டம் எனச் சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. அரசு ஒருநாள் வந்து பறித்துவிடும் என்ற அச்சம் ஒரு சாராரிடம் வேரூன்றியது. அறிமுகமில்லாதவர் கதவைத் தட்டி, துப்பாக்கி உண்டா என்று கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுதலே நலம் என்று அவர்கள் எண்ணக்கூடும். ஆயின் கணக்கைச் சற்றே போட்டுப் பார்ப்போம். உண்மைத் தொகை 1970களில் இருந்தபடி 50 ஆகவே நிலைத்திருந்தது எனக் கொள்வோம். 2014இல் உண்டு என்றவர் 31. அப்படியாயின் துப்பாக்கியுள்ள ஐம்பது பேரில் பத்தொன்பது பேர், அஃதாவது பத்துக்கு நால்வர், துணிந்து பொய் கூறியிருத்தல் வேண்டும். மிச்சிகன் ஆய்வில் கண்டதோ பத்துக்கு ஒருவர்; அவருள்ளும் துப்பாக்கியை விற்றுவிட்டு உண்மையாகவே இல்லையென்றவர் இருந்திருப்பர். இத்துணைப் பெரிய மாற்றம் மறைத்தலால் மட்டுமே வந்தது என்று நம்புவதற்குப் பெரிய சான்று வேண்டும். அத்தகைய சான்று எதனையும் அவர்கள் காட்டியதாகத் தெரியவில்லை.

மறைத்தலுக்கு இடமில்லாத பிற கணக்குகளும் குறைவையே காட்டுகின்றன. வேட்டையாடுதலை மறைக்க எவருக்கும் காரணமில்லை. அது உரிமத்தோடு ஊரறியச் செய்யும் தொழில். அந்நாட்டு மீன், வனவிலங்குத் துறையின் அளவைப்படி 1991இல் வேட்டையாடியோர் 1 கோடி 41 இலட்சம். 2016இல் 1 கோடி 15 இலட்சம். இடையில் மக்கட்டொகையோ பெருகியது. 1973இல் கட்டாய இராணுவச் சேர்ப்பு நின்ற பின்னர், படையில் பணியாற்றித் துப்பாக்கி பழகிய ஆடவரின் பங்கும் ஆண்டுதோறும் சுருங்கிற்று. இல்லங்களும் சிறுத்தன, 1960இல் ஓர் இல்லத்திற்குச் சராசரி 3.33 பேர், 2020இல் ஏறத்தாழ இரண்டரைப் பேர். ஆள் குறைந்த இல்லத்தில் துப்பாக்கி விரும்பும் ஒருவர் இருப்பதற்கான வாய்ப்பும் குறையுமன்றோ? இல்லத்துக் கணக்கு, தனியாள் கணக்கைக் காட்டிலும் வேகமாகச் சரிந்ததன் காரணங்களுள் இஃது ஒன்று. இதனை நோக்காது, துப்பாக்கிப் பற்றே அந்நாட்டில் மாய்ந்து வருகிறது என்று எழுதியோர் கூட்டலைக் கழித்தலாகக் கொண்டவர்கள்.

சிகாகோவா கேலப்பா என்ற வழக்கில் மூன்றாம் சாட்சியும் ஒன்றுண்டு. நோய்க் கட்டுப்பாட்டு நடுவத்தின் துணையோடு மாநிலச் சுகாதாரத் துறைகள் நடத்தும் தொலைபேசி அளவையில் 2001, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் துப்பாக்கி வினாவும் இடம்பெற்றது. 2002இல் அதற்கு மறுமொழி அளித்தோர் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர். வீட்டிலோ அதனைச் சுற்றியோ, வண்டியிலோ என்று வலையையும் அகல விரித்தே கேட்டனர். விடை நூற்றுக்கு 33. தொலைபேசி, அகன்ற வினா ஆகிய இரண்டிலும் கேலப்பை ஒத்த இவ்வளவை, எண்ணில் சிகாகோவை ஒட்டி நின்றது. ஆயிரம் பேர் சொல்லைவிட இரண்டு இலட்சம் பேர் சொல்லிற்கு எடை கூடுதல். 2004க்குப் பின் இவ்வினா நாடு முழுவதும் கேட்கப்படவில்லை. துப்பாக்கிக் கட்டுப்பாட்டிற்குப் பரிந்துரைக்க இந்நடுவத்தின் பணம் பயன்படலாகாது என்று 1996இல் காங்கிரசு ஒரு விதி செய்திருந்தது. ஆய்வை அது வெளிப்படையாகத் தடுக்கவில்லையாயினும் அதிகாரிகளின் நெஞ்சில் அச்சத்தை விதைத்தது. இத்துறை ஆய்விற்கெனத் தனியே பணம் மீண்டும் ஒதுக்கப்பட்டது 2019 திசம்பரில்தான்.

கேட்டறிதலே வேண்டாம் என்று வேறு தடம் தேடிய அறிஞரும் உளர். ஓர் ஊரில் தற்கொலை செய்துகொண்டோருள் எத்தனை பேர் துப்பாக்கியைப் பயன்படுத்தினர் என்ற விகிதம், அவ்வூர் வீடுகளில் துப்பாக்கி எந்த அளவு கைக்கெட்டும் நிலையில் உள்ளது என்பதைக் காட்டும் என்று அவர்கள் கண்டனர். பிணப் பரிசோதனை அதிகாரியின் பதிவேடு வெட்கத்தாலோ அச்சத்தாலோ மாறுவதில்லை. அசுரேல், குக், மில்லர் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு, மாநிலங்களை ஒன்றோடொன்று ஒப்பிட இம்மறைமுக அளவுகோல் பிறவற்றினும் சிறந்தது என நிறுவியது. வாய்ச்சொல்லால் அறிந்த எண்ணும் இதுவும் மாநிலத்திற்கு மாநிலம் நன்கு ஒத்துச் சென்றன என்பது, வாய்ச்சொல்லிற்கே கிடைத்த நற்சான்று. நாடு முழுவதிலும் இவ்விகிதம் 1990ஐ ஒட்டி அறுபது அளவில் இருந்து, 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் ஐம்பதை ஒட்டி இறங்கி, 2021இல் மீண்டும் 55 அளவிற்கு ஏறிற்று. இறக்கம் நிகழ்ந்த காலம் சிகாகோ அளவையின் இறக்கத்தோடு பொருந்துகிறது. ஆயினும் காலவோட்டத்தை அளக்க இக்கோல் இடத்தை அளப்பது போல் அத்துணைத் திறமுடையதன்று. தற்கொலை செய்துகொள்வோரின் வயதும் வழியும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகின்றன. ஆகவேதான் 2020இல் ராண்டு நிறுவனம், வாய்ச்சொல் அளவைகளையும் இத்தகைய மறைமுக எண்களையும் ஒருங்கே பிணைத்து 1980 முதல் 2016 வரை மாநிலவாரியான மதிப்பீட்டை ஆக்கித் தந்தது.

வாய்ச்சொல் ஐயத்திற்குரியது, ஏடே சான்று என்போர் மைக்கேல் பெல்லசைல்சு என்பாரின் வரலாற்றை அறிதல் நன்று. எமரி பல்கலைக்கழகப் பேராசிரியராகிய இவர் 2000ஆம் ஆண்டில் ‘ஆர்மிங் அமெரிக்கா’ என்னும் நூலை வெளியிட்டார். உள்நாட்டுப் போருக்கு முன் அமெரிக்கர் வீடுகளில் துப்பாக்கி அரிதாகவே இருந்தது, துப்பாக்கிப் பண்பாடு பிற்காலத்துச் சரக்கு என்பது நூலின் துணிபு. இறந்தோர் விட்டுச் சென்ற உடைமைகளை முறைமன்றத்திற்காக எழுதி வைத்த பட்டியல்களே அவர் காட்டிய தலையாய சான்று. 1765 முதல் 1790 வரையிலான பட்டியல்களில் நூற்றுக்கு 14.7 மட்டுமே துப்பாக்கியைக் குறிப்பிட்டன என்றார். கொலம்பியா பல்கலைக்கழகம் 2001இல் பான்கிராஃப்ட் பரிசை வழங்கியது. புகழ்ந்தோர் பலர், பட்டியல்களைத் தாமே எடுத்து எண்ணிப் பார்த்தோர் மிகச் சிலர். ஜேம்சு லிண்ட்கிரன், ஜஸ்டின் ஹெதர் ஆகிய இருவர் எண்ணினர். முன்னரே அச்சில் இருந்த 1774ஆம் ஆண்டுப் பட்டியல்களில் ஆடவர் சொத்துகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் துப்பாக்கி இருந்தது. பெல்லசைல்சு தாம் கண்டதாகக் கூறிய சான்பிரான்சிஸ்கோ ஆவணங்களோ 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தோடு எழுந்த தீயில் அழிந்தவை. மூவர் கொண்ட புறக்குழு விசாரித்தது. 2002இல் அவர் பதவி விலகினார். அவ்வாண்டு திசம்பரில் பரிசும் திரும்பப் பெறப்பட்டது.

இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒருவரின் வீழ்ச்சியன்று. அப்பட்டியல்களும் ஒருவகைக் கணக்கெடுப்பே என்பதைக் காண்க. இறந்தவரின் வீட்டிற்கு அயலார் இருவர் வந்து, கண்ணில் பட்டதை எழுதினர். மகன் முன்னரே எடுத்துச் சென்ற துப்பாக்கி அதில் ஏறாது. சொத்தற்ற ஏழைக்குப் பட்டியலே இல்லை. பெண்டிர் சொத்துப் பட்டியல்களையும் ஆடவர் பட்டியல்களையும் கலந்து எண்ணினால் விகிதம் ஒன்று, பிரித்து எண்ணினால் வேறொன்று. கணவன் மனைவி முரண்பாடு இருநூறாண்டுக்கு முன்பே ஏட்டில் இருந்திருக்கிறது எனலாம்.

இன்னொரு குழப்பத்தையும் சுருங்கச் சொல்லிவிடலாம். துப்பாக்கி விற்பனை பெருகிக்கொண்டே போகும்போது துப்பாக்கியுள்ள இல்லங்கள் குறைந்தன என்பது எங்ஙனம் பொருந்தும் என்று கேட்போர் உளர். 1994ஆம் ஆண்டு அளவையின்படி அந்நாட்டில் துப்பாக்கிகள் 19 கோடி 20 இலட்சம். 2015ஆம் ஆண்டு அளவையின்படி 26 கோடி 50 இலட்சம். உற்பத்தி, இறக்குமதிக் கணக்குகளையும் சேர்த்து 2017இன் இறுதிக்கு சுவிட்சர்லாந்தின் சிறு ஆயுத அளவை நிறுவனம் கூறிய மதிப்பு 39 கோடி 30 இலட்சம். இதற்கு விடை 2015ஆம் ஆண்டு அளவையிலேயே உள்ளது. வளர்ந்தோருள் நூற்றுக்கு மூவரே நாட்டின் துப்பாக்கிகளில் ஏறத்தாழப் பாதியைத் தம் வசம் வைத்திருந்தனர். நூல் விற்பனை பெருகுவதால் நூலகமுள்ள வீடுகள் பெருகிவிடா. ஏற்கெனவே ஆயிரம் நூல் வைத்திருப்பவரே ஆயிரத்தோராவது நூலையும் வாங்குகிறார். பின்புலச் சோதனைகளின் எண்ணிக்கையும் விற்பனைக் கணக்காகாது. 2020இல் அது 3 கோடி 97 இலட்சத்தைத் தொட்டது உண்மையே. ஆனால் கெண்டக்கி போன்ற மாநிலங்களில், துப்பாக்கி தாங்கும் உரிமம் ஏற்கெனவே உடையோரையும் திங்கள்தோறும் சோதிக்கிறார்கள். அச்சோதனைகளில் ஒரு துப்பாக்கியும் கைமாறுவதில்லை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கின், 1970களின் இறுதியிலிருந்து 2010 வரை துப்பாக்கியுள்ள இல்லங்களின் பங்கு உண்மையாகவே குறைந்தது என்று கொள்ளலாம். சிகாகோ அளவை காட்டும் அளவிற்கே குறைந்ததா என்பதைத் துணிந்து சொல்லுதற்கில்லை. மட்டம் பற்றிய ஐயம் இன்னும் பெரிது. 2017இல் பியூ ஆய்வு நடுவம் இணையக் குழுவொன்றினை வினவியபோது, துப்பாக்கியுள்ள இல்லத்தில் வாழ்வதாக நூற்றுக்கு 42 பேரும், தாமே உடையவர் என்று 30 பேரும் கூறினர். எதிரே மனிதர் இல்லாத திரையிடம் மக்கள் கூடுதலாக உண்மை பேசுகிறார்களா, அல்லது இணையக் குழுவில் சேர இசைவோர் வேறு வகையினரா என்பது வழக்கில் நிற்கிறது.

2010க்குப் பிந்திய காலத்திற்கு இத்துணைத் துணிவும் கூடாது. கேட்பவருக்கு மறுமொழி தருவோரே அருகி வருகின்றனர். பியூ நடுவத்தின் தொலைபேசி அளவைகளுக்கு 1997இல் நூற்றுக்கு 36 பேர் இசைந்தனர். 2018இல் 6 பேர். மீதி 94 பேர் எத்தகையவர்? 1936இல் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் இதழ் இருபது இலட்சத்திற்கு மேற்பட்ட மறுமொழிச் சீட்டுகளைப் பெற்றும், குடியரசுத் தலைவர் தேர்தலில் லேண்டன் வெல்வார் என்று கூறி ரூசுவெல்ட்டின் பெருவெற்றியின் முன் நாணி நின்றது. அனுப்பிய ஒரு கோடிச் சீட்டில் திரும்பாதவையும், சீட்டே அனுப்பப்படாத ஏழையரும் அதன் கணக்கைக் கவிழ்த்தனர். துப்பாக்கி உடையோர் பிறரினும் மிகுதியாகக் கதவை மூடுகிறார்கள் என்றால், அளவை காட்டும் இறக்கத்தில் ஒரு பங்கு மூடிய கதவுகளால் ஆனது. இன்று பழுது மாறாத தராசு என்ற நம் உவமைக்கே இடர் வந்துள்ளது.

2020இல் பெருந்தொற்று வந்தபோது துப்பாக்கிக் கடைகளில் மக்கள் வரிசையில் நின்றனர். 2019 சனவரி முதல் 2021 ஏப்ரல் வரை முதன்முறையாகத் துப்பாக்கி உடையோர் ஆனவர் ஏறத்தாழ 75 இலட்சம் வளர்ந்தோர் என்றும், அவருள் பாதியளவினர் பெண்டிர் என்றும் மில்லரும் அசுரேலும் பிறரும் நடத்திய நாடளாவிய அளவை கணித்தது. துப்பாக்கி கணவனுடையது, அறியாதவள் மனைவி என்ற பழைய கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. இனி இல்லத்தில் உள்ள துப்பாக்கியை அறியாதவராகக் கணவரும் இருக்கக்கூடும். அதே காலத்தில்தான் பொதுச் சமூக அளவையும் தன் முறையை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டாக வீட்டுக் கதவைத் தட்டிய ஆய்வாளர்கள் தொற்றிற்கு அஞ்சி வீட்டிலேயே தங்க, 2021இல் வினாத்தாள் பெரும்பாலும் இணையத்தின் வழியே சென்றது. 2018இல் நூற்றுக்கு அறுபதை ஒட்டியிருந்த மறுமொழி வீதம் அவ்வாண்டு பதினேழிற்கு வீழ்ந்தது. 1973இல் தொடங்கிய கோட்டினை 2018 வரை இழுத்து வருவோர், 2021இன் புள்ளியை அதனோடு இணைக்காமல் இடையே ஓர் இடைவெளி விட்டே வரைதல் வேண்டும்.